நடிகர் தோற்பதற்கு ஓர் இடம்

‘தோல்வியே வெற்றிக்கு முதற்படி.’ இந்த வாசகத்தைப் பள்ளிச் சுவரில் பார்க்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை நம் ஊரில் இருப்பது கஷ்டம். இப்போது அது நாடகப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, “தோல்வியைக் கண்டு பயப்படாதீங்க, அதை ஏத்துக்கோங்க” என்கிறார் பயிற்றுநர். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு நடிகர் மேடையில் தோற்கும்போது எது தோற்கிறது, அதிலிருந்து எது வளர்கிறது, யாருக்கு வளர்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டால் அந்த வாசகம் வெறும் ஆறுதலாகிவிடும். ஆறுதல் தேவைதான். ஆனால் ஆறுதலால் யாருக்கும் நடிப்பு வராது.

நாம் சொல்லும் தோல்விக் கதைகள்

நமக்குப் பழக்கமான கதையிலிருந்தே தொடங்கலாம். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’. சில காட்சிகள் எடுத்தபிறகு ஏவி. மெய்யப்பனுக்குக் கதாநாயகன்மேல் திருப்தியில்லை. பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு ஆளைப் போடலாம் என்கிறார். தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் முடியவே முடியாது என்று நிற்கிறார். கணேசன் தப்பிக்கிறார். முதலில் எடுத்த காட்சிகள் பிறகு திரும்ப எடுக்கப்படுகின்றன. அந்தப் படத்தில் அவர் பேசிய முதல் சொல் ‘சக்ஸஸ்’ என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதைக்கு நல்ல முடிவும் கிடைத்துவிடுகிறது.

எத்தனை மேடையில் இதைக் கேட்டிருப்போம்! ஆனால் இது நடிகர் தோற்ற கதையே இல்லை. இதில் தவறியது பார்த்தவர்களின் கண். கணேசன் சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் உட்படக் கட்டி நடித்து, வருஷக்கணக்கில் மேடையில் தேறியவர். அந்த வருஷங்களில் எந்த இரவு சொதப்பினார், எந்த வசனம் தொண்டையில் மாட்டிக்கொண்டது, யார் கூப்பிட்டு வைத்துத் திருத்தினார்கள் என்பதுதான் நடிப்பில் ஆர்வமுள்ள ஒருவருக்குத் தேவையான கதை. அது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. நிராகரிக்கப்பட்டார், பிறகு ஜெயித்தார் என்பது மட்டும் சொல்லப்படுகிறது.

நிராகரிப்பு வேறு, தோல்வி வேறு. நிராகரிப்பு வெளியிலிருந்து வருவது. அதில் நடிகரின் மானத்துக்குப் பங்கமில்லை. ‘அவனுங்களுக்குப் புரியல’ என்று சொல்லிக்கொள்ளலாம். தோல்வி அப்படியில்லை. வெளிச்சம் மேலே விழுகிறது, வசனம் வாயிலிருந்து வருகிறது, ஆனால் அது செத்த வசனம் என்று அந்த நொடியிலேயே நடிகருக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்தாளர் கிழித்துப் போடலாம். ஓவியர் மேலே வெள்ளை பூசலாம். நடிகருக்கு அந்த வசதி கிடையாது. தோற்பது அவருடைய குரலும் கையும் காலும். தோற்பது நூறு பேர் முன்னால். ஆகவே நடிகரின் தோல்வியைப் பற்றிப் பேசும்போது தொழிலதிபர்களின் தன்னம்பிக்கை வாசகங்கள் உதவாது. இதற்குத் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு நாள் இடைவெளி

1896 அக்டோபர் 17, ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அலெக்ஸாந்த்ரின்ஸ்கி அரங்கில் அந்தோன் செகாவின் ‘கடற்பறவை’ முதல் காட்சி. ஒரு பிரபல நகைச்சுவை நடிகையின் கௌரவ நிகழ்ச்சியாக அது ஏற்பாடாகியிருந்தது. அவர் ரசிகர்கள் சிரிக்க வந்திருந்தார்கள். மேடையில் அவரே இல்லை. நீனாவாக நடித்தவர் வேரா கொமிஸார்ஷெவ்ஸ்காயா. முதல் அங்கத்தில் அவருடைய நீண்ட தனிமொழிக்கே கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒத்திகையும் போதவில்லை. செகாவ் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து போய் மேடைக்குப் பின்னால் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார். இனி நாடகமே எழுதப்போவதில்லை என்றார்.

இலக்கிய வரலாறு இதோடு ஒரு தாவு தாவி, 1898இல் மாஸ்கோ கலை அரங்கில் அதே நாடகம் பெற்ற வெற்றிக்குப் போய்விடும். நடுவில் நடந்த ஒரு விஷயம் நடிகர்களுக்கு முக்கியம். முதல் காட்சிக்கு நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21இல், அதே அரங்கில் அதே நடிகர்களோடு இரண்டாம் காட்சி நடந்தது. அது நன்றாகவே எடுபட்டது. கொமிஸார்ஷெவ்ஸ்காயா மகிழ்ச்சி தாங்காமல் செகாவுக்குக் கடிதம் எழுதினார்.

நாடகம் மாறவில்லை, நடிகை மாறவில்லை. மாறியவை இரண்டு: கூட்டம், இன்னொரு இரவு. முதல் இரவின் அவமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்க அவருக்கு நான்கு நாள் கிடைத்தது. யோசித்ததைச் செய்துபார்க்க ஒரு மேடையும் கிடைத்தது. இரண்டாம் காட்சியே இல்லையென்றால் கொமிஸார்ஷெவ்ஸ்காயாவுக்கு அந்த வேடத்தில் மிஞ்சியிருக்கப்போவது சிரிப்புச் சத்தம் மட்டும்தான். தோல்வி ஒரு பாடம் என்கிறோமே, அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதிப் பார்க்க மறுநாள் வேண்டும். நம் அரங்கைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

அந்த நாடகத்துக்குள்ளேயே இதே விஷயம் இருக்கிறது. கடைசி அங்கத்தில் நீனா திரும்பி வருகிறாள். இரண்டு வருஷமாக மோசமாக நடித்ததைப் பற்றிப் பேசுகிறாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மேடையில் நிற்கத் தெரியவில்லை, குரல் சொன்னபடி கேட்கவில்லை. கேவலமாக நடிக்கிறோம் என்று தெரிந்துகொண்டே நடிப்பது எப்படியிருக்கும் என்று திரெப்ளேவிடம் சொல்கிறாள். உலக நாடகத்தில் ஒரு நடிகரின் தோல்வியை இத்தனை சரியாக, கை கால் என்று உறுப்புவாரியாகச் சொன்ன இடம் குறைவு. இப்போது தான் உண்மையான நடிகை என்றும் சொல்கிறாள். பிறகு? மறுநாள் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் விவசாயிகளோடு உட்கார்ந்து யெலெத்ஸ் என்ற சிற்றூருக்குப் போகப்போகிறாள், குளிர்காலம் முழுக்க நடிக்க.

கேட்டுக்கொண்டிருக்கும் திரெப்ளேவின் நிலைமை வேறு. அவன் கதைகள் பத்திரிகையில் வருகின்றன. ஊரில் பேர் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அவன்தான் ஜெயித்தவன், அவள்தான் தோற்றவள். சுட்டுக்கொள்வது அவன். ரயிலேறுவது அவள்.

இந்தக் காட்சியைத் தன்னம்பிக்கைப் பாடமாக வாசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நீனா நல்ல நடிகை ஆனாளா என்று செகாவ் சொல்லவில்லை. அவள் சொல்வதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். பேச்சு தடுமாறுகிறது, கண் கலங்குகிறது, தன்னைக் கடற்பறவை என்று சொல்லிப் பிறகு இல்லை என்கிறாள். தோற்றதற்குக் கூலியாக வெற்றி வந்தே தீரும் என்று செகாவ் எந்த உத்தரவாதமும் தரவில்லை. அவள் கையில் இருப்பது அடுத்த ஊரில் ஒரு மேடை, அவ்வளவுதான்.

கைதட்டலுக்குள் இருந்த தோல்வி

மாஸ்கோவில் ‘கடற்பறவை’யைக் காப்பாற்றியவர்களில் ஒருவரான கான்ஸ்தாந்தின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியை நாம் ‘முறை’ கண்டுபிடித்த ஆசானாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறோம். அந்த முறை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அவர் சொதப்பல்களிலிருந்து.

1906இல் அவருக்கு வயது 43. மாஸ்கோ கலை அரங்கு ஜெர்மனியில் பெரிய வரவேற்பைப் பெற்றுவிட்டுத் திரும்பியிருந்தது. அந்தக் கோடையில் பின்லாந்தில் ஓய்வெடுக்கப் போனவர், தன் வேடங்கள் செத்துப்போய்விட்டன என்பதைக் கண்டுபிடிக்கிறார். இப்சனின் ‘மக்கள் விரோதி’யில் டாக்டர் ஸ்டாக்மன் அவருடைய புகழ்பெற்ற வேடம். ஆரம்பத்தில் அதற்குள் உயிருள்ள நினைவுகள் இருந்தன. நேர்மைக்காகத் துன்பப்பட்ட ஒரு நண்பரின் நினைவு அதில் ஒன்று. கிட்டப்பார்வை, அவசர நடை, நீட்டிய விரல்கள் எல்லாம் அந்த உள் உயிரிலிருந்து தானாக வந்தவை. வருஷங்கள் ஓடியதில் உள்ளிருந்தது தேய்ந்துபோய், நடையும் விரலும் மட்டும் மிஞ்சின. இரவுக்கு இரவு அவற்றைத் திருப்பிச் செய்துகொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியில் ஒரு குறையும் சொல்ல முடியாத நேரத்தில், ‘நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு நடிகர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் கோடையில் அவர் கேட்டுக்கொண்ட கேள்விதான் பிறகு முறையாக விரிந்தது: முதல் நாள் தானாக வந்த உயிர், நூறாவது நாளிலும் வர என்ன செய்வது?

1915இல் இன்னொரு அடி. புஷ்கினின் ‘மோட்சார்ட்டும் சலியேரியும்’ கவிதை நாடகத்தில் சலியேரியாக நடித்தார். இந்தத் தடவை கூட்டமும் விமர்சகர்களும் ஏற்கவில்லை. அவர் மழுப்பவில்லை, என்ன கோளாறு என்று பிரித்துப் பார்த்தார். பாத்திரத்தின் உள்வாழ்க்கையைக் கட்டியிருந்தார். ஆனால் புஷ்கினின் கவிதை வரியைச் சொல்ல அவருக்குக் குரல் இல்லை, உச்சரிப்புப் பயிற்சி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் உணர்ச்சியைத் திணித்ததில் சொல் வீங்கிப்போய், வரியின் ஓசை நொறுங்கிவிட்டது. 52 வயதில், ரஷ்யாவின் முதன்மையான நடிகர்களில் ஒருவர் என்று பேரெடுத்தபிறகு, பேசக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். பாடகர்கள் மூச்சை எப்படி வைத்துக்கொள்கிறார்கள், உயிரெழுத்தை எப்படி இழுக்கிறார்கள் என்று கவனித்தார். 1918இல் போல்ஷோய் அரங்கின் பாடகர்களுக்காகத் தொடங்கிய இசைநாடகப் பயிற்சிக்கூடத்தில் அந்தத் தேடல் தொடர்ந்தது.

இதுவரைக்கும் கதை நமக்குப் பிடித்தமாதிரிதான் போகிறது: தோற்றார், கற்றார், வளர்ந்தார். மூன்றாவது சம்பவம் அப்படியில்லை.

1917. தஸ்தயேவ்ஸ்கியின் ‘ஸ்தெபான்சிகவோ கிராமம்’ நாடகமாகிறது. அதில் கர்னல் ரஸ்தானெவ் வேடம் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு. 1891இல், இளைஞராக, அதே வேடத்தை வேறொரு தழுவலில் நடித்துப் பெரும் ஆனந்தம் அடைந்தவர் அவர். இப்போது மாதக்கணக்கில் ஒத்திகை. பாத்திரம் வரவில்லை. தோண்டத் தோண்டத் தள்ளிப்போகிறது. கடைசிக்கட்ட ஒத்திகைக்குப் பிறகு, அரங்கை அவரோடு சேர்ந்து நிறுவிய நெமிரோவிச்-தான்சென்கோ அவரை அந்த வேடத்திலிருந்து எடுத்துவிட்டார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எதிர்க்கவில்லை. அதற்குப் பிறகு 1938இல் சாகும்வரை புதிய வேடம் எதையும் ஒத்திகையிலிருந்து உருவாக்கவில்லை என்றே சொல்லலாம். பெரும்பாலும் பழைய வேடங்களையே நடித்துவந்தார். 1928இல் அரங்கின் முப்பதாம் ஆண்டு விழாவில், ‘மூன்று சகோதரிகள்’ வெர்ஷினினாக நடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்தது. மேடை அத்தோடு முடிந்தது.

இதை ‘வளர்ச்சி’ என்று எப்படிச் சொல்வது? ஒரு மகா நடிகர் அந்த ஒத்திகையோடு புதிய பாத்திரங்களை உருவாக்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். தோல்வி சிலரை நிறுத்தியும் விடுகிறது. அதை மறைத்துவிட்டு, ‘தோற்றுப்பார், வளர்வாய்’ என்று இருபது வயதுப் பிள்ளையிடம் சொல்வது நேர்மையில்லை.

ஆனால் அந்த வருஷங்களில் அவர் எழுதிய பாடநூல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் 1936இலும் ரஷ்ய மொழியில் 1938இலும் வந்த அந்த நூல், ஒரு மாணவனின் சொதப்பலோடுதான் ஆரம்பிக்கிறது. கோஸ்த்யா என்ற பையன் ஒதெல்லோவாக நடிக்கப்போகிறான். வீட்டில் வெண்ணெயும் சாக்லெட்டும் கலந்து முகத்தில் பூசிக்கொண்டு புலிபோல உறுமிப் பார்க்கிறான். வீட்டில் பிரமாதமாக இருக்கிறது. மேடையில் எல்லாம் கெட்டுப்போகிறது. இருட்டான அரங்கம் வாயைப் பிளந்த குகைமாதிரி அவனை விழுங்குகிறது. தன்மேலேயே எரிச்சல் வந்து, கட்டுப்பாடு விட்டுப்போன ஒரு நொடியில், ஒரே ஒரு வசனம் மட்டும் உண்மையாக வெளியே வருகிறது.

மறுநாள் ஆசிரியர் என்ன செய்கிறார்? “பரவாயில்லப்பா, நல்ல முயற்சி” என்று தட்டிக்கொடுக்கவில்லை. நேற்று எல்லாரும் நடித்ததில் இரண்டே இடங்கள்தான் கலை என்கிறார். ஒரு மாணவி படிக்கட்டில் அலறிக்கொண்டு இறங்கியது. கோஸ்த்யாவின் அந்த ஒரு வசனம். மீதியில் எது வெறும் பழக்கதோஷம், எது பிறரைப் பார்த்துச் செய்தது, எது தன்னை அழகாகக் காட்டிக்கொள்ளச் செய்தது என்று ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கிறார். அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது. கோஸ்த்யா தோற்றதால் கற்கவில்லை. எங்கே தோற்றான், எங்கே தோற்கவில்லை என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் இருந்ததால் கற்றான்.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் ஒரு கட்டடம்

இது ஏதோ ரஷ்யக் கதை, நமக்கும் இதற்கும் என்ன என்று நினைக்க வேண்டாம். தோல்வியைப் பற்றி மிகத் தெளிவாக யோசித்த நாடகக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலேயே இருந்தார். குவோ பாவ் குன். சீனாவில் 1939இல் பிறந்து, பத்து வயதில் இங்கே வந்தவர். சிட்னியில் நாடகம் படித்துத் திரும்பி, மனைவி கோ லே குவானுடன் 1965இல் கலைப்பள்ளி தொடங்கியவர். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டு, நான்கு ஆண்டுக்கும் மேல் உள்ளே இருந்தார். குடியுரிமை பறிக்கப்பட்டு, 1992இல்தான் திரும்பக் கிடைத்தது.

சுமாரான வெற்றியைக் காட்டிலும் மதிப்புள்ள தோல்வி மேல் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. சிங்கப்பூர் நாடக வட்டாரத்தில் இன்றைக்கு இது கிட்டத்தட்டப் பழமொழி. பழமொழி ஆனதாலேயே அதன் கூர்மை மழுங்கிவிட்டது. அவர் எல்லாத் தோல்வியையும் புகழவில்லை. ‘மதிப்புள்ள’ என்று ஒரு அடை போட்டார். ஒத்திகைக்கு வராமல், வசனம் மனப்பாடம் ஆகாமல் மேடையேறித் தடுமாறுவது அதில் சேராது. கைக்கு எட்டாத ஒன்றை எட்டிப்பார்த்து, அதில் விழுவதுதான் சேரும். அந்த வாசகத்தின் மற்ற பாதியையும் கவனிக்க வேண்டும். அவர் எதிரியாகக் காட்டியது சுமாரான வெற்றியை. தோல்வியைப் பற்றிப் பேசுவதுபோலத் தெரிந்தாலும், அந்த வாசகம் சொகுசாக ஜெயிப்பவர்களைப் பற்றியது.

1988இல் அவர் நடிகர்களோடு சேர்ந்து பட்டறை முறையில் உருவாக்கிய ‘அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஹொக்கியன் மட்டும் பேசும் தாய். ஆங்கிலமும் மாண்டரினும் பேசிப் பழகிய பிள்ளைகள். பூனையைத் தேடிப் போகும் அந்த அம்மா வழியில் ஒரு முதியவரைச் சந்திக்கிறாள். அவர் பேசுவது தமிழ். அவரும் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. கையாலும் குரலாலும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் கிடைக்காத புரிதல் அங்கே கிடைக்கிறது.

நடிகராக இருந்து இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். அரங்கில் உள்ளவர்களில் பெரும்பகுதிக்கு உங்கள் மொழி புரியாது. எதிரே நிற்பவருக்கும் புரியாது. வசனத்தை அழகாகச் சொல்லிக் கைதட்டு வாங்கும் வழி மூடிவிட்டது. மொழி தோற்றுப்போகும் இடத்தில் நின்றுகொண்டு, உடம்பை மட்டும் நம்ப வேண்டும். எடுபடாமல் போக எல்லா வாய்ப்பும் உள்ள காட்சி. குவோ சொன்ன ‘மதிப்பு’ எது என்று இந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

வாசகம் சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில், பழைய மின்நிலையக் கட்டடத்தில், ‘சப்ஸ்டேஷன்’ கலை மையத்தைத் திறந்தார். பெயரெடுக்காதவர்களும், முடியாத படைப்போடு வருபவர்களும் செய்துபார்க்கக்கூடிய இடம். 2000இல் தி. சசிதரனோடு சேர்ந்து நடிகர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு அது இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இருக்கிறது. சசிதரன் அதற்கு முன் நாடக விமர்சகராகவும் இருந்தவர் என்பது தற்செயலாகப் படவில்லை.

அந்தப் பள்ளியின் பாடத்திட்டத்தில் மாணவர்கள் பல ஆசிய மரபுகளைப் பயில்கிறார்கள்: கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, பெய்ஜிங் ஓபரா, ஜாவாவின் வாயாங் வோங். ஒவ்வொன்றும் சிறுவயதில் ஆரம்பித்து வாழ்நாள் முழுக்கப் பழக வேண்டிய கலை. அவர்களுக்குக் கிடைப்பது மொத்தம் மூன்று வருஷம். நோ நடிகர் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் வழுக்கிக்கொண்டு நடப்பார். கூடியாட்டக் கலைஞர் காலை அகட்டி அரைமண்டியில் அமர்ந்து கண்ணாலேயே ஒரு மலையைக் காட்டுவார். ஒன்றுக்குப் பழகிய முட்டி இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். எதிலும் யாரும் தேர்ச்சியடையப் போவதில்லை. தோல்வி அந்தப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். தன் உடம்பின் எந்தப் பழக்கத்தைத் தான் ‘இயல்பு’ என்று நம்பிக்கொண்டிருந்தோம் என்பது, அது பலிக்காத இடத்தில்தான் நடிகருக்குத் தெரியவரும்.

குவோ 2002இல் காலமானார். சப்ஸ்டேஷன் 2021இல் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியது. வாசகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நம் ஊரில்

இனி நம் தமிழ் மேடைக்கு வருவோம். கோலாலம்பூரானாலும் சிங்கப்பூரானாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். நடிகர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வேலை முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஒத்திகைக்கு வருகிறார்கள். இரண்டு மூன்று மாத உழைப்பு. பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு என்று இரண்டோ மூன்றோ காட்சி. ஞாயிறு ராத்திரி செட்டைப் பிரித்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு காட்சி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைப் புரிந்துகொண்டு, மாற்றி, திரும்பச் செய்துபார்க்க நாள் எங்கே? கொமிஸார்ஷெவ்ஸ்காயாவுக்குக் கிடைத்த நான்கு நாள்கூட நம் ஆளுக்குக் கிடைப்பதில்லை. அடுத்த வேடம் அடுத்த வருஷம் வரலாம். அதற்குள் உடம்பு இதை மறந்துவிடும்.

இரண்டாவது, கண். நாடகம் முடிந்ததும் என்ன நடக்கிறது? பார்வையாளரில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள். படம் எடுத்துக்கொள்கிறோம். “சூப்பர்ண்ணே”, “நல்லா இருந்துச்சுக்கா, அழ வெச்சிட்டீங்க.” மறுநாள் முகநூலில் நன்றிப் பதிவு, அதன்கீழ் இதயங்கள். கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துபோகும்போது பேசிக்கொள்வது வேறு: “ரெண்டாவது பாதி இழுவைலா.” இந்த இரண்டாவது பேச்சு அந்த நடிகரின் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. அவருக்கும் உள்ளே ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் நாற்பது பேர் நல்லா இருந்துச்சு என்று சொன்னபிறகு, உள்ளே கேட்ட அந்தச் சின்னக் குரலை யார் நம்புவார்கள்? அடுத்த நாடகத்தில் அதே அழுகை, அதே தொண்டை இறுக்கம், அதே கை. பின்லாந்தில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி கண்டுபிடித்த நோயை நாம் பாராட்டு என்ற பெயரில் பரப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. “இருக்கிறதே பத்துப் பேரு. அவங்களையும் விமர்சனம் பண்ணி விரட்டிட்டா யாரு நாடகம் போடுவா?” இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். சின்னச் சமூகத்தில் தோல்விக்கு விலை அதிகம். ஒரு தடவை சொதப்பினால் ‘அவனுக்கு நடிப்பு வராது’ என்ற பேர் பத்து வருஷம் கூடவே வரும். பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். வீட்டில் சண்டை போட்டு ஒத்திகைக்கு வந்த பெண்ணுக்கு ஒரு தோல்வியே ‘இது உனக்குத் தேவையா?’ என்று கதவைச் சாத்த சாக்காகிவிடும். மானியம் வாங்கிய குழு கணக்கு ஒப்படைக்கும்போது ‘தோற்றோம், ஆனால் கற்றோம்’ என்று எழுத முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு நடிகரிடம் மட்டும் ‘தோல்வியை ஏத்துக்கோ’ என்று சொல்வது, வலை கட்டாமல் கயிற்றில் ஏறச் சொல்வதுதான்.

அதனால்தான் குவோவின் வாசகத்தைவிட அவர் திறந்த கட்டடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தோற்கும் துணிச்சலை நடிகரின் தனிப்பட்ட குணமாக அவர் விட்டுவிடவில்லை. அதற்குச் சுவரும் கூரையும் பாடத்திட்டமும் ஏற்பாடு செய்தார். நமக்குக் கட்டடம் கட்ட வசதி இல்லாமலிருக்கலாம். ஆனால் பிரம்மாண்டமான மூன்று காட்சிக்குச் செலவழிப்பதை, நாற்பது பேர் உட்காரும் அறையில் பத்துக் காட்சியாகப் பிரிக்க முடியும். முழு நாடகம் போடுவதற்கு முன் இரண்டு காட்சியை மட்டும், விளக்கும் உடையும் இல்லாமல், முடியாத நிலையிலேயே நண்பர்களுக்குக் காட்டி, உட்கார்ந்து பேச முடியும். பேசும்போது ஆளைப் பற்றிப் பேசாமல் இடத்தைப் பற்றிப் பேசப் பழக முடியும்.

இதில் எழுதுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் பங்கு இருக்கிறது. சிறுகதையில் ஒரு வரி எங்கே தளர்கிறது என்று இந்தத் தலைமுறை வாசகர் சரியாகச் சொல்லிவிடுகிறார். நாடகம் பார்க்கும்போது மட்டும் அந்தக் கண்ணை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். கதைச்சுருக்கம், சமூகக் கருத்து, குழுவுக்கு வாழ்த்து என்று முடித்துவிடுகிறோம். ‘மூன்றாம் காட்சியில் அப்பா கடிதத்தை மடிக்கும் வரைக்கும் நம்பினேன், அழ ஆரம்பித்ததும் நடிப்பாகத் தெரிந்தது’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த நடிகருக்கு அது கோபத்தைத் தரலாம். ஆனால் கடிதத்தை மடித்தபோது தான் சரியாக எதையோ செய்திருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியவரும். ‘சூப்பர்’ என்ற சொல்லில் அந்தத் தகவல் இல்லை.

அடுத்த முறை தெரிந்தவர் நாடகம் போட்டால் போய்ப் பாருங்கள். முடிந்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, எந்த இடத்தில் நம்பினீர்கள், எந்த இடத்தில் நம்பவில்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் அவர் அதே வேடத்தை இன்னொரு தடவை செய்துபார்க்க ஒரு ஹால் எங்கே கிடைக்கும் என்றும் சேர்ந்து யோசியுங்கள்.